வீட்டிலும் வெளியூரிலும் இருக்கும் குழுவோடு வேலை ஓடாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஓர் அலுவலகம், வீட்டிலிருந்து வேலை செய்யும் பத்துப் பதினைந்து பேர், கடல் கடந்து ஒரு தலைமை அலுவலகம் அல்லது வாடிக்கையாளர் என்று அமைந்த குழுக்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். அப்படி ஒரு குழுவின் வலையமைப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி கண்டது இது: இணைப்பில் இருக்கும் கோளாறு ஆளின் குறையாகத் தெரிகிறது, வேலை முறையில் இருக்கும் கோளாறோ ‘நெட் சரியில்லை’ என்ற பேச்சுக்குள் ஒளிந்துகொள்கிறது. எங்கள் குழுவில் தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை செய்த ஒருவரை, மாலைக் கூட்டங்களில் கவனமில்லாதவர் என்று நான்கு மாதங்கள் எண்ணியிருந்தோம். கல்லூரி விட்டு வரும் அவருடைய தம்பியின் கைப்பேசி, வீட்டு வைஃபையைத் தொட்டதும் அன்றைய வீடியோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியதுதான் காரணம். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அளந்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும், ஆளைப் பற்றி முடிவெடுக்கும் முன் எதை அளக்க வேண்டும் என்பதையே முதலில் வைத்திருக்கிறேன்.

எந்தக் கோளாறானாலும் தொடக்கத்தில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எப்போதுமா, குறிப்பிட்ட வேளையிலா? எல்லாச் செயலிகளிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் வீட்டில் தேடலாம். அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் என்றால் அலுவலக இணைப்பில் தேடலாம். எங்கிருப்பவருக்கும் ஒரே செயலியில் என்றால் அந்தச் சேவையிலேயே தடை இருக்கக்கூடும். நாள்தோறும் ஒரே வேளையில் வரும் கோளாறு என்றால், அந்த வேளையில் அந்த வீட்டில் வேறென்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆனால் ஸ்பீட் டெஸ்டில் குறையே இல்லை

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ஸ்பீட் டெஸ்ட் அளப்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகிறது என்பதை. குரலுக்குத் தேவைப்படும் தரவு நொடிக்குச் சில பத்துக் கிலோபிட்தான். ஆனால் குரலைச் சுமந்து போகும் ஒவ்வொரு சிறு தரவுத் துண்டும், அதாவது பொட்டலமும், சீரான இடைவெளியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிந்தி வந்த பொட்டலத்தை எதிர்முனைச் செயலி ஒலிக்க முடியாமல் வீசிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ள வீட்டிலும் குரல் உடைவது இதனால்தான். எனவே வேகத்தை விட்டுவிட்டுத் தாமதத்தை அளக்க வேண்டும்.

முதலில் லேப்டாப்பிலிருந்து வீட்டு ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும் முகவரிக்கு, நூறு முறை பிங் அனுப்பிப் பாருங்கள் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, விடை வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை பிங்). வீட்டுக்குள்ளேயே போய்த் திரும்பும் பயணம் என்பதால் விடை சில மில்லி விநாடிகளில் வர வேண்டும். இடையிடையே 100, 200 என்று எண்கள் எகிறினாலோ சில விடைகள் வராமலே போனாலோ, கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே இருக்கிறது. இணைய சேவை நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துச் செருகிவிட்டு மறுபடி அளந்தால் இது உறுதிப்படும். கேபிளுக்கு வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மூன்றையும் இருபது வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் பலவீனமானது என்பதால், ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ உட்கார்ந்தால்தான் இந்த மாற்றம் பலன் தரும்.

ரவுட்டர் வரை சீராக இருந்தால் அடுத்த சோதனைக்கு வாருங்கள். 8.8.8.8 போன்ற ஒரு பொது முகவரிக்குப் பிங்கை ஓடவிட்டு, வேறெதுவும் ஓடாத நிலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கோப்பைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குங்கள். 20 மில்லி விநாடியாக இருந்த எண் 500க்கும் 1,000க்கும் ஏறுகிறது என்றால், மேலே சொன்ன தென்காசி வீட்டின் கோளாறு உங்களிடமும் இருக்கிறது. வெளியே போகும் பாதை நிரம்பியதும் ரவுட்டர் பொட்டலங்களைத் தன் நினைவகத்தில் வரிசையில் நிறுத்துகிறது. நொடிக்கு 5 மெகாபிட் மட்டுமே மேலேற்றக்கூடிய இணைப்பில் 1 மெகாபைட் வரிசை நின்றால், கடைசியில் வந்து சேரும் குரல் பொட்டலம் ஒன்றரை நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் தன் வீட்டில் இதே கோளாறைத் துருவி ஆராய்ந்து, ‘பஃபர்பிளோட்’ என்று பெயரிட்டு, 2010-11 வாக்கில் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு மருந்தாக உருவான எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறை 2018இல் இணையப் பொறியியல் ஆவணமாகவும் வெளியாயிற்று. அது குரல் போன்ற மெல்லிய ஓட்டங்களைப் பெரிய கோப்புகளுக்குப் பின்னால் சிக்கவிடாமல் முன்னே அனுப்பிவிடும்.

பணம் செலவழிக்கும் முன் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள். கோப்பு ஒத்திசைவுச் செயலிகளில் மேலேற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். கைப்பேசிகளின் படக் காப்பை இரவுக்குத் தள்ளலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால், இத்தகைய வரிசை முறையைத் தரும் ‘ஸ்மார்ட் க்யூ’ அல்லது எஸ்க்யூஎம் என்ற அமைப்பு உள்ள ரவுட்டரை வாங்கி, அதில் மேலேற்றும் வேகத்தை நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காடாகக் குறித்துவையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பது வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருப்பதற்காகத்தான். வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுவதை நான் கடைசி வழியாகவே சொல்வேன், ஏனெனில் தம்பியின் கைப்பேசி கூடுதல் வேகத்தையும் சேர்த்து நிரப்பிவிடும்.

கேபிளில் இணைத்தும், வேறெதுவும் ஓடாத நிலையிலும், பொது முகவரிக்கான பிங் மட்டும் நாள்தோறும் இரவு எட்டு மணியளவில் தடுமாறினால் அப்போது சேவை நிறுவனத்திடம் போகலாம். ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று சொன்னால் அவர்கள் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அது சரியாகவே வரும். புகாரும் அத்துடன் மூடப்படும். அதற்குப் பதிலாக, லேன் கேபிளில் எடுத்த அளவு என்பதைக் குறிப்பிட்டு, மூன்று நாள்களுக்கான தேதி, நேரம், ரவுட்டர் வரையிலான தாமதம், பொது முகவரி வரையிலான தாமதம், தொலைந்த பொட்டலங்களின் விழுக்காடு ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். அளவுகளோடு வரும் புகாரை அடுத்த நிலைப் பொறியாளருக்கு அனுப்பாமல் முடித்துவைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்காது.

நான் பேசியது எனக்கே திரும்பக் கேட்கிறது

எதிரொலி கேட்பவர் தன் மைக்கைத்தான் சந்தேகிப்பார், ஹெட்செட்டை மாற்றுவார், கூட்டத்தை விட்டு வெளியேறி மறுபடி வருவார். கோளாறு அவரிடம் இல்லை. வேறொருவருடைய ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அந்த வேறொருவரின் மைக்கிலேயே நுழைந்து திரும்பி வருகிறது. எதிரொலி யாருக்குக் கேட்கவில்லையோ அவரிடம்தான் அது பிறக்கிறது. ஒவ்வொருவராக மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். யார் அணைத்தபோது எதிரொலி நின்றதோ அவரை ஹெட்செட் அணியச் சொல்லுங்கள். ஒரே அறையில் இரண்டு லேப்டாப்புகள் ஒரே கூட்டத்தில் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தால் அது ஊளையிடும் ஒலியாகவே மாறிவிடும். ஒன்றைத் தவிர மற்றவற்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைப்பது போதும்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நின்றுவிடுகிறார்கள்

குரல் தெளிவாக இருக்கிறது, உடையவில்லை; ஆனாலும் பேச்சு ஒட்டாமல், ஒருவர் மீது ஒருவர் விழுந்து, பிறகு ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்று இருவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதற்குக் காரணம் சீரான, ஆனால் நீண்ட தாமதம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையின்படி, ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களில் அது உணரப்படுவதில்லை. 400 மில்லி விநாடியைத் தாண்டவே கூடாது. ஒளி, கண்ணாடி இழையில் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டுத் தூரம் 8,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால் ஒளியின் பயணத்துக்கே 40 மில்லி விநாடி ஆகும். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றிப் போகின்றன. இவற்றோடு மைக்கின் ஒலியைக் குறிமுறையாக்கும் நேரமும், பொட்டலங்களைச் சீராக்க எதிர்முனைச் செயலி காத்திருக்கும் நேரமும் சேர்கின்றன. அப்படியும் கூட்டல் 150 மில்லி விநாடி வரம்பை ஒட்டித்தான் நிற்க வேண்டும். அதற்கு மிக அதிகமாகத் தாமதம் தெரிகிறது என்றால், குரல் தேவையற்ற ஊர்களைச் சுற்றி வருகிறது என்று பொருள்.

அப்படிச் சுற்றவைப்பது பெரும்பாலும் விபிஎன், அதாவது வெளியில் இருக்கும் லேப்டாப்பை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான பாதை. எல்லாப் போக்குவரத்தையும் தலைமை அலுவலகம் வழியாகவே செலுத்தும்படி விபிஎன் அமைக்கப்பட்டிருக்கும். தலைமை அலுவலகம் ஃபிராங்ஃபர்ட்டில், வீடியோ சேவையின் சர்வர் மும்பையில் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் இருப்பவர் சென்னையில் இருப்பவரோடு பேசும்போது, குரல் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போய், மும்பைக்கு வந்து, மறுபடி ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வருகிறது. ஒரு கடப்புக்கு 6,500 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நான்கு கடப்புக்கு 26,000 கிலோமீட்டர். ஒளியின் பயணத்துக்கு மட்டும் 130 மில்லி விநாடி. சோதிப்பது எளிது: விபிஎன்னைத் துண்டித்துவிட்டு அதே இருவரும் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். பேச்சு ஒட்டிவிட்டால், வீடியோ சேவையின் முகவரிகளை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே நேராகச் செல்லவிடும் பிளவுப் பாதையை அமைக்கும்படி பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இந்தச் செயலிகள் குரலையும் படத்தையும் பொதுவாகக் குறியாக்கம் செய்துதான் அனுப்புகின்றன என்பதால் இது வரம்பு மீறிய கோரிக்கை இல்லை. ஆனால் அவரைக் கேளாமல் நீங்களாகச் செய்யாதீர்கள்.

ஐரோப்பாவோடு மட்டும் ஒரு நாள் திடீரென்று எல்லாம் மந்தமாகி, சிங்கப்பூரோடு வழக்கம்போல் இருந்தால், கடலடிக் கேபிள் செய்தி எதுவும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணைப்புகள் பெரிதும் பாதிக்கப்பட்டன; 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் இப்படித்தான் தாமதம் கூடியது. அந்த நாள்களில் உங்கள் கையில் இருப்பது கூட்டங்களைக் குறைத்து எழுத்துக்கு மாறுவது மட்டுமே.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் தாமதத்தை எந்தக் கருவியாலும் நீக்க முடியாது. பேசும் முறையை மாற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் ‘யாருக்காவது கருத்து உண்டா?’ என்று பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லி அழைப்பதும், கேட்டபின் இரண்டு மூன்று நொடிகள் வாய் திறக்காமல் காத்திருப்பதும் உண்மையிலேயே உதவுகின்றன.

விபிஎன் இணைந்துவிட்டது, அலுவலகச் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எது என்பதை அறிகுறியின் வடிவமே காட்டிவிடும். சிலருக்கு மட்டும், அவர்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும், சர்வர் கிடைக்கவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கிடைக்கிறது என்றால், வீட்டு வலையமைப்பும் அலுவலக வலையமைப்பும் ஒரே முகவரித் தொகுதியைப் பயன்படுத்துகின்றன. அலுவலகச் சர்வர் 192.168.1.10 என்று இருந்து, வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், லேப்டாப் அந்தச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். அன்றைக்கு அன்று வீட்டு ரவுட்டரின் தொகுதியை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் ஊழியர்களின் வீடுகளை எல்லாம் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, அலுவலகத்தை ஒரு விடுமுறை நாளில் 10 என்று தொடங்கும், யாரும் எளிதில் பயன்படுத்தாத தொகுதிக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி. புதிதாக அலுவலகம் அமைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை, எண் முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு. விபிஎன் இணையும்போது அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்தும்படி அமைப்பில் குறித்துவிட்டால் தீரும்.

மூன்றாவது கோளாறு எளிதில் பிடிபடாது. உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது, சிறிய பட்டியல்கள் வருகின்றன. ஆனால் பெரிய கோப்பையோ நீண்ட அறிக்கையையோ கேட்டதும் அப்படியே உறைந்து நிற்கிறது. ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். விபிஎன் தன் உறையைச் சேர்க்கும்போது அந்த அளவு பாதையில் அடங்குவதில்லை. ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று பாதையில் உள்ள கருவி அனுப்பும் அறிவிப்பை இடையில் உள்ள ஃபயர்வால் என்ற பாதுகாப்பு வடிகட்டி தடுத்துவிட்டால், பெரிய பொட்டலங்கள் சத்தமில்லாமல் தொலைகின்றன. விபிஎன் அமைப்பில் பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு என்ற எண்ணை 1,300 என்று குறைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதியாயிற்று. பிறகு சிறிது சிறிதாக உயர்த்தி, உறையத் தொடங்கும் எண்ணுக்குக் கீழே நிறுத்துங்கள்.

கோப்புறையைத் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது

அலுவலகத்துக் கோப்பு சர்வரை விபிஎன் வழியாகத் திறக்கும்போது, லேப்டாப் ஒன்றைக் கேட்டு, விடை வந்தபின் அடுத்ததைக் கேட்கிறது. ஒரு கோப்புறையைக் காட்ட 200 கேள்வி-விடைகள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், போய்வர 2 மில்லி விநாடி ஆகும் அலுவலகத்துக்குள் அரை நொடிகூட ஆகாது. போய்வர 150 மில்லி விநாடி ஆகும் வெளிநாட்டிலிருந்து 30 நொடி ஆகும். வேகத்தை எத்தனை மடங்காகக் கூட்டினாலும் இது மாறாது. கோப்புகளைக் கிளவுடுக்கு மாற்றுவது அல்லது அலுவலகத்துக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து திறந்து அங்கேயே வேலை செய்வது ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்குப் பதிவு, பெரிய வரைபடங்கள் போன்ற வேலைகளுக்கு இரண்டாவதே ஏற்றது.

உள்நுழைவுக் குறியீட்டைச் சரியாக அடித்தும் தவறு என்கிறது

கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீடு பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை, நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கைப்பேசியின் கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் பிசகியிருந்தால் குறியீடு பொருந்தாது. நேரத்தைத் தானாக அமைக்கும்படி மாற்றினால் போதும்.

மின்சாரம் போனால் ஆளே காணாமல் போகிறார்

லேப்டாப்பில் பேட்டரி இருக்கும். ரவுட்டரிலும் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியிலும் இருக்காது. இவ்விரண்டுக்கும் மட்டும் போதுமான 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை நிறுவனமே வாங்கிக் கொடுக்க வேண்டும். பெட்டிகளின் அடியில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் முக்கியமான கூட்டத்தை வைக்காமல் இருப்பதும் குழுத் தலைவரின் பொறுப்பில் சேரும்.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து காத்திருக்கிறார்கள், அல்லது ஒரு மணி நேரம் பிந்தி வருகிறார்கள்

மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் மட்டும் இது நடந்தால் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். இந்திய நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் மாற்றுகிறது. லண்டனுக்கும் நமக்கும் இடைவெளி குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நான்கரை மணி. லண்டன் நேரம் காலை 10 என்று நிறுவிய கூட்டம் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 3.30, கோடையில் 2.30. மூன்று நாட்டவரும் சேரும் கூட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: அமெரிக்கா மாறி ஐரோப்பா இன்னும் மாறாத அந்த வாரங்களில் அவர்களுக்குள்ளேயே இடைவெளி வேறாகிவிடும். கூட்டம் எந்த ஊர் நேரத்தைப் பற்றி நிற்கிறது என்பதை ஒருமுறை முடிவுசெய்து அழைப்பில் எழுதுங்கள். மாறும் வாரத்துக்கு முந்தைய வெள்ளியன்று எல்லா ஊர் நேரங்களையும் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள்.

ஒரே கோப்புக்கு நான்கு நகல்கள் உலவுகின்றன

‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இறுதி-திருத்தியது’ என்ற பெயர்களில் கோப்புகள் பெருகினால், மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பும் பழக்கம்தான் காரணம். கோப்பு ஓரிடத்தில் இருக்கட்டும். அதன் இணைய முகவரியை மட்டும் அனுப்புங்கள். ‘முரண்பட்ட நகல்’ என்ற பெயரில் கிளவுடு செயலியே நகல் உண்டாக்கினால் அது வேறு கதை: ஒருவர் இணைப்பில்லாமல் திருத்தியிருக்கிறார், அல்லது ஒத்திசைவு முடியும் முன்பே லேப்டாப்பை மூடிவிட்டார். இதைச் செய்பவர் பெரும்பாலும் மேலேற்றும் வேகம் குறைந்த வீட்டில் இருப்பவர்தான் என்பதைக் கவனித்திருக்கிறேன். எக்செல்லில் ஒரே நேரத்தில் பலர் திருத்த முடியவில்லை என்றால், கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடிவம் கூட்டுத் திருத்தத்துக்கு இடம் தராது.

கேட்ட கேள்விக்கு மறுநாள்தான் விடை வருகிறது

இந்த அறிகுறியிலிருந்து வலையமைப்பு விலகி, வேலை முறை முன்னுக்கு வருகிறது. நேர வேறுபாடு உள்ள குழுவில் ஒரு கேள்வியும் விடையும் சேர்ந்து ஒரு நாளை எடுத்துக்கொள்கின்றன. ‘வணக்கம் சார், ஒரு சந்தேகம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர் அந்த வணக்கத்துக்கே ஒரு நாளைச் செலவழித்துவிடுகிறார். அவர் மரியாதை கருதித்தான் அப்படி எழுதுகிறார். நேரில் ஒருவரைச் சந்தித்தால் நாம் அப்படித்தான் தொடங்குவோம். ஆனால் எழுத்தில் வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் போவதால் மரியாதை குறைவதில்லை என்பதைக் குழுத் தலைவர் வெளிப்படையாகச் சொல்லி, தானும் அப்படியே எழுத வேண்டும்.

நான் எங்கள் குழுவில் பழக்கியது இந்த அமைப்பு: ‘வணக்கம் சார். மார்ச் மாதப் பட்டியலில் இரண்டு வாடிக்கையாளர்களின் வரி எண் பொருந்தவில்லை. பழைய பட்டியலோடும் அரசுத் தளத்தோடும் ஒப்பிட்டுவிட்டேன். இரண்டிலும் வேறு எண் இருக்கிறது. அரசுத் தளத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நாளை காலை 11 மணிக்குள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அப்படியே செய்துவிடுகிறேன். தவறென்றால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.’ என்ன சிக்கல், இதுவரை என்ன பார்த்தேன், என் கருத்து என்ன, விடை வராவிட்டால் என்ன செய்வேன் ஆகிய நான்கும் இதில் உள்ளன. மேலாளர் உறங்கும் நேரத்திலும் வேலை நகர்கிறது. ஆனால் கடைசி வரி செல்லுபடியாக வேண்டும் என்றால், அப்படிச் செய்தபின் மேலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை கோபித்துக்கொண்டாலும் எல்லோரும் பழையபடி காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு எந்தச் செயலியாலும் அதைத் திருத்த முடியாது. மாற்ற முடியாத செயல்களுக்கு, அதாவது பணம் அனுப்புவது, தரவை அழிப்பது போன்றவற்றுக்கு, இந்த அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றுக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.

விடை தாமதமாவதற்குச் சில சமயம் இன்னொரு காரணமும் உண்டு: செய்தி போன இடத்தில் அது மூழ்கிவிட்டது. ஆறு பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசும் இணைகள் 15. பன்னிரண்டு பேரானால் 66. எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே கேள்வி புதைந்துபோகும். வேலைக்கு ஒரு தடம், அவசரத்துக்குத் தொலைபேசி, மற்றவற்றுக்கு வாட்ஸ்அப் என்று பிரிப்பது போதுமானது.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது வீட்டில் இருப்பவருக்குத் தெரியவில்லை

தேநீர் நேரத்தில் நின்றபடி பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் மூன்று நாள் கழித்துத் தன் வேலை வீணானபின் அறிகிறார். யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. எடுத்த முடிவையும் காரணத்தையும் இரண்டு வரியில் பொதுத் தடத்தில் எழுதிய பிறகுதான் அது முடிவாகக் கருதப்படும் என்று விதி செய்யுங்கள். கூட்ட அறையில் மேசை ஓரத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து, எட்டுப் பேர் அதைச் சுற்றிப் பேசுவதையும் நிறுத்துங்கள். மைக்கிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் குரல் வெளியூரில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அறையின் நடுவில் வைக்கும் கூட்ட மைக் ஒன்றை வாங்குங்கள், அல்லது ஒருவர் தொலைவில் இருந்தாலும் எல்லோரும் தத்தம் இருக்கையிலிருந்து ஹெட்செட்டோடு சேருங்கள்.

ஒருவர் கூட்டத்தில் பேசுவதே இல்லை

இந்த அறிகுறியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே உள்ள எல்லாக் கோளாறுகளும் வெளியே பார்ப்பவருக்கு இந்த ஒரே வடிவில் தெரியக்கூடும் என்பதுதான். பேசாதவரிடம் தனியாக, கூட்டம் இல்லாத நேரத்தில், தொலைபேசியில் கேளுங்கள். எங்களுக்குக் கேட்பது போலவே உங்களுக்கும் கேட்கிறதா? நீங்கள் பேசத் தொடங்கும்போது மற்றவர் முந்திக்கொள்கிறாரா? கேமராவை அணைத்திருப்பது மொபைல் டேட்டா தீர்ந்துவிடும் என்பதாலா? பேசுவதற்கு வீட்டில் தனி இடம் இருக்கிறதா? கூட்டம் ஆங்கிலத்தில் நடப்பது தடையாக இருக்கிறதா? பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டுவிடுமோ என்று மைக்கைத் திறக்கத் தயங்கியவரை நான் அறிவேன். கொல்லைப்புறத்தில் இரண்டு கட்டை சிக்னலுக்காக நின்றுகொண்டே மூன்று மாதம் கூட்டங்களைக் கேட்டவரையும் அறிவேன்.

விடை இணைப்பைச் சுட்டினால் இந்தப் பக்கத்தின் முதல் சோதனையிலிருந்து அவரோடு சேர்ந்து தொடங்குங்கள். அளவுகளை அவரே எடுக்கட்டும், நீங்கள் தொலைபேசியில் உடன் இருங்கள். இடமோ மொழியோ தடை என்றால், கூட்டத்துக்கு முந்தைய நாள் பேசுபொருளை எழுத்தில் அனுப்பி, அவருடைய கருத்தையும் எழுத்திலேயே பெற்று, கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி நீங்கள் படியுங்கள். ஓரிரு கூட்டங்களுக்குப் பிறகு, அதை அவரே படிக்க விரும்புகிறாரா என்று கேளுங்கள்.